ஈரத்தைத் துடைத்தால் போதாது: பிரவுசரைக் கடத்தும் ட்ரோஜன்கள் நுழையும் வழியும் நீக்கும் முறையும்

"தம்பி, கூகுள்ல எதைத் தேடினாலும் வேற எங்கேயோ கொண்டுபோய் விடுது. கொஞ்சம் வந்து பாத்துட்டுப் போறீங்களா?"

ஜெராக்ஸ் கடை வைத்து, கூடவே இணையத்தில் விண்ணப்பமும் போட்டுத் தரும் அண்ணன் ஒருவர் ஒரு சாயங்காலம் போனில் கூப்பிட்டார். போய்ப் பார்த்தேன். மின்கட்டணம் என்று தட்டி என்டரை அழுத்தியதும் முகவரிப் பட்டையில் அறிமுகமில்லாத இரண்டு முகவரிகள் கண்ணிமைக்கும் நேரத்துக்குத் தோன்றி மறைந்தன. கடைசியில் வந்து நின்றது ஒரு தேடல் பக்கம். பார்ப்பதற்குக் கூகுள் மாதிரியே இருந்தது, ஆனால் மேலே இருந்த இணைப்புகள் எல்லாமே விளம்பரம். முகப்புப் பக்கத்தை மாற்றினேன், பெயர் தெரியாத ஒரு எக்ஸ்டென்ஷனை நீக்கினேன், சரியாகிவிட்டது. மறுநாள் காலை கடை திறந்ததும் மறுபடி போன். இந்த முறை குரோமையே நீக்கிவிட்டுப் புதிதாக நிறுவினேன். அதுவும் ஒரு நாள்தான் தாங்கியது. மூன்றாவது முறை போனபோதுதான் விண்டோஸின் டாஸ்க் ஷெட்யூலரைத் திறந்தேன். ஏதோ அப்டேட் வேலை போலப் பெயர் வைத்துக்கொண்டு ஒரு பணி அங்கே உட்கார்ந்திருந்தது. கணினியில் உள்நுழைந்ததும் அது விண்டோஸின் கட்டளைக் கருவியான பவர்ஷெல்லை எழுப்பும். பவர்ஷெல் இணையத்திலிருந்து அந்த எக்ஸ்டென்ஷனை மறுபடி இறக்கிவைக்கும். அதுவரை நான் சுவரில் படிந்த ஈரத்தைத்தான் துடைத்துக்கொண்டிருந்தேன். உடைந்த குழாய் சுவருக்குள் இருந்தது.

இந்த வகைத் தீநிரலைப் பற்றிப் பேச வரும்போது எனக்குச் சொல்ல இருப்பது இதுதான்: முகப்புப் பக்கம் மாறுவது அறிகுறி. அதை மாற்றிய ஒன்று கணினியில் வேறோர் இடத்தில் தங்கியிருக்கிறது. பெரும்பாலானவர்கள் அறிகுறியோடு நிறுத்திவிடுகிறார்கள். "சும்மா விளம்பரம்தானே வருது" என்று பழகியும் போகிறார்கள். இருபது ஆண்டுக்கும் மேலான வரலாற்றைப் பார்த்தால் அது சும்மா விளம்பரம் இல்லை என்பது தெரியும்.

பெயரும் பிழைப்பும்

வைரஸ் தானாக ஒரு கோப்பிலிருந்து இன்னொரு கோப்புக்கு ஒட்டிக்கொள்ளும். ட்ரோஜனுக்கு அது முடியாது. யாராவது கையால் திறந்து உள்ளே விட்டால்தான் உண்டு. எதிரிகள் ஒளிந்திருந்த மரக்குதிரையை ட்ராய் நகரத்தார் தாங்களே உள்ளே இழுத்துக்கொண்டுபோன கிரேக்கக் கதையிலிருந்து வந்த பெயர் அது. ஆகவே ட்ரோஜன் என்பது நுழையும் விதத்தைச் சொல்கிறது. பிரவுசர் கடத்தல் என்பது நுழைந்த பிறகு அது பார்க்கும் தொழில்.

அந்தத் தொழிலில் பணம் எங்கே வருகிறது? தேடல் நிறுவனங்களும் விற்பனைத் தளங்களும் தங்கள் பக்கத்துக்கு ஆள் அனுப்பிவைப்பவர்களுக்கு வருமானத்தில் ஒரு பங்கு கொடுக்கின்றன. இது முறையான வியாபாரம். கடத்தல்காரன் அந்த வரிசையில் இடையில் புகுந்துகொள்கிறான். நாம் தேடும் ஒவ்வொரு சொல்லும் அவனுடைய அடையாள எண்ணோடு போய்ச் சேருகிறது, ஒவ்வொரு சொடுக்கிலும் அவனுக்குச் சில காசு விழுகிறது. ஒரு கணினியில் கிடைப்பது அற்பம். பல லட்சம் கணினிகளில் கிடைப்பது அற்பம் அல்ல.

எவ்வளவு பெரிய தொகை என்பதற்கு நீதிமன்றம் வரை போன ஒரு வழக்கு இருக்கிறது. எஸ்தோனியாவைச் சேர்ந்த ரோவ் டிஜிட்டல் என்ற நிறுவனத்தை நடத்திய கும்பல், டிஎன்எஸ்சேஞ்சர் என்ற ட்ரோஜனை நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகளில் சுமார் 40 லட்சம் கணினிகளில் பரப்பியிருந்தது. இணையத் தளத்தின் பெயரைச் சொன்னால் அதன் எண் முகவரியைச் சொல்லித் தருவது டிஎன்எஸ். நம் கணினி கேட்கும் அந்த டெலிபோன் டைரக்டரியையே இந்த ட்ரோஜன் மாற்றிவைத்தது. ஐட்யூன்ஸ் இணைப்பைச் சொடுக்கியவர்கள் ஆப்பிளோடு எந்தத் தொடர்பும் இல்லாத ஒரு கடைக்குப் போய்ச் சேர்ந்தார்கள். வால் ஸ்ட்ரீட் ஜர்னல் தளத்தில் அமெரிக்கன் எக்ஸ்பிரஸ் விளம்பரம் இருக்க வேண்டிய இடத்தில் வேறு விளம்பரம் தெரிந்தது. இப்படிச் சம்பாதித்தது குறைந்தது 1.4 கோடி டாலர் என்றது எஃப்பிஐ. 2011 நவம்பரில் கும்பலில் ஆறு பேர் கைதானார்கள். தலைவனான விளாதிமிர் த்சாஸ்ட்சினுக்கு 2016-ல் அமெரிக்க நீதிமன்றம் 87 மாதச் சிறைத் தண்டனை விதித்தது.

இந்த வழக்கில் என்னை அதிகம் யோசிக்கவைத்தது கைதுக்குப் பிறகு நடந்தது. திருடர்களின் டிஎன்எஸ் சர்வர்களை உடனே அணைத்தால் அத்தனை கணினிகளுக்கும் இணையமே நின்றுபோகும். அதனால் நீதிமன்ற அனுமதியோடு அந்த இடத்தில் நல்ல சர்வர்களை வைத்து, 2012 ஜூலை 9 வரை அவகாசம் கொடுத்தார்கள். செய்தித்தாளில் எழுதினார்கள், கூகுளும் பேஸ்புக்கும் பாதிக்கப்பட்டவர்களின் திரையிலேயே எச்சரிக்கை காட்டின. அப்படியிருந்தும் கடைசி நாளில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட இணைப்புகள் சரிசெய்யப்படாமலே இருந்தன. பக்கங்கள் திறந்துகொண்டிருக்கும் வரை கணினிக்கு எதுவும் ஆகவில்லை என்றே நாம் நினைக்கிறோம்.

டூல்பாரிலிருந்து டிஎல்எல் வரை

கடத்தல் தொழிலின் முதல் பெரிய பெயர் கூல்வெப்சர்ச். 2003-ல் தலைகாட்டியது. அப்போது உலகமே இன்டர்நெட் எக்ஸ்புளோரரைப் பயன்படுத்திக்கொண்டிருந்தது. அந்தப் பிரவுசரோடு கூடுதல் நிரல்களை ஒட்டவைக்க 1997-ல் மைக்ரோசாஃப்ட் கொடுத்த வசதியும் விண்டோஸில் இருந்த ஓட்டைகளும் கடத்தல்காரர்களுக்கு வாசலாயின. மெரைன் பெல்லெகோம் என்ற டச்சு மாணவர் கூல்வெப்சர்ச்சை நீக்குவதற்கென்றே ஒரு கருவி எழுதினார். ஹைஜாக்திஸ் என்ற இன்னொரு கருவியும் அவருடையதுதான். எது நல்லது, எது கெட்டது என்று ஹைஜாக்திஸ் தீர்ப்புச் சொல்லாது. பிரவுசரையும் விண்டோஸின் தொடக்கத்தையும் தொடக்கூடிய எல்லா இடங்களையும் ஒரே பட்டியலாகக் காட்டும், படித்துப் புரிந்துகொள்ள வேண்டியது மனிதர். எங்கெங்கே பார்க்க வேண்டும் என்று ஒரு தலைமுறைக்கே கற்றுக்கொடுத்த கருவி அது.

அடுத்து வந்தது ஸ்லாப். வீடியோ பார்க்க ‘கோடெக்’ வேண்டும், இதை நிறுவுங்கள் என்று கேட்டு உள்ளே நுழைந்தது. அதைத் தொடர்ந்து அலூரியன் என்றும் டிடிஎஸ்எஸ் என்றும் அழைக்கப்பட்ட குடும்பம். விண்டோஸின் அடிவயிற்றில் ஒளிந்துகொண்டு கூகுள் தேடல் முடிவுகளைத் திசைதிருப்பியது. 2010 பிப்ரவரியில் மைக்ரோசாஃப்ட் வெளியிட்ட ஒரு பாதுகாப்பு அப்டேட்டுக்குப் பிறகு பல கணினிகள் நீலத் திரையில் நின்றுபோயின. அப்டேட்டின் மீதுதான் பழி விழுந்தது. ஆராய்ந்து பார்த்தபோது, அந்தக் கணினிகளில் முன்பே அலூரியன் குடியிருந்தது தெரியவந்தது. தனக்குள் இப்படியொன்று இருப்பதைக் கணினி நின்றுபோன பிறகே பலர் அறிந்தார்கள்.

பிறகு டூல்பார்களின் காலம். இலவச மென்பொருளோடு பாபிலோன், கான்டூயிட் போன்றவை கூடவே வந்து இறங்கின. இவற்றை ட்ரோஜன் என்று கூப்பிடப் பாதுகாப்பு நிறுவனங்கள் தயங்கின. ‘விரும்பத்தகாததாக இருக்கக்கூடிய நிரல்’ என்ற மென்மையான பெயரைச் சூட்டின. வழக்கு வரும் என்ற அச்சம் அதற்கு ஒரு காரணம். ஸாங்கோ என்ற அமெரிக்க விளம்பர மென்பொருள் நிறுவனம், தன்னைத் தடுத்ததற்காக காஸ்பர்ஸ்கி மீது உண்மையிலேயே வழக்குப் போட்டது. 2009-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் காஸ்பர்ஸ்கிக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. அதற்குப் பிறகும் அந்த மென்மையான பெயர் நிலைத்துவிட்டது. என் பார்வையில் அது செய்த கெடுதல் பெரியது. கேட்காமல் நுழைந்து, நீக்கினாலும் திரும்பி வரும் ஒன்றை, பிடிக்காவிட்டால் எடுத்துவிடலாம் என்ற தொனியில் பேசவைத்தது. இப்படிப்பட்டவற்றைத் தடுக்கும் வசதியை விண்டோஸ் 10-ல் மைக்ரோசாஃப்ட் தானாகவே இயங்கவைத்தது 2021 ஆகஸ்ட்டில்தான்.

நாம் எதையுமே நிறுவாவிட்டாலும் ஆபத்து வரலாம் என்பதற்கு லெனோவோ மடிக்கணினிகளில் முன்கூட்டியே ஏற்றப்பட்டு வந்த சூப்பர்ஃபிஷ் சாட்சி. 2015 பிப்ரவரியில் அது அம்பலமானது. விளம்பரம் நுழைப்பதற்காகக் கணினியில் ஒரு போலிச் சான்றிதழை வைத்து, பாதுகாப்பான பக்கங்களுக்கும் நமக்கும் நடுவே உட்கார்ந்திருந்தது. எல்லாக் கணினிகளிலும் ஒரே சாவி இருந்ததால், அந்தச் சாவி தெரிந்த எவரும் வங்கித் தளம் போல நடிக்க முடியும் என்ற நிலை. விளம்பரத்துக்காகத் திறந்த ஓட்டையில் திருடனும் நுழையலாம்.

2017 ஜூனில் செக் பாயின்ட் நிறுவனம் ஃபயர்பால் பற்றி எழுதியது. பெய்ஜிங்கைச் சேர்ந்த ராஃபோடெக் பரப்பிய அது உலகமெங்கும் 25 கோடி கணினிகளைத் தொட்டதாகவும், அதில் இந்தியாவில் மட்டும் 2.53 கோடி என்றும் கணக்குச் சொன்னது. இந்த எண்ணிக்கை மிகைப்படுத்தப்பட்டது என்று மைக்ரோசாஃப்ட் மறுத்தது. எண்ணிக்கை எதுவானாலும், முகப்பை மாற்றும் அதே நிரலுக்கு, எஜமானர் அனுப்பும் எந்த நிரலையும் இறக்கி ஓட்டும் திறன் இருந்தது என்பதில் இரு தரப்புக்கும் சண்டை இல்லை.

அட்ரோசெக்: ஒன்றை அருகில் வைத்துப் பார்ப்போம்

இவற்றிலெல்லாம் நமக்கு மிக நெருக்கமானது அட்ரோசெக். 2020 டிசம்பரில் மைக்ரோசாஃப்ட் இதன் விவரங்களை வெளியிட்டது. அதிகம் காணப்பட்ட இடங்களாக ஐரோப்பாவையும் தெற்காசியாவையும் தென்கிழக்காசியாவையும் குறிப்பிட்டது. அந்த ஆகஸ்ட் மாத உச்சத்தில் நாளொன்றுக்கு 30,000-க்கும் மேற்பட்ட கணினிகளில் பார்த்திருக்கிறார்கள். பரப்பப் பயன்பட்ட இணையப் பெயர்கள் 159. ஒவ்வொரு பெயரிலும் சராசரியாக 17,300 முகவரிகள். அவற்றில் சராசரியாக 15,300-க்கும் மேற்பட்ட மாதிரிகள், ஒன்றுபோல இன்னொன்று இராது. கைரேகை வைத்துத் திருடனைப் பிடிக்கும் ஆன்டிவைரஸுக்கு, வரும் ஒவ்வொருவனுக்கும் வேறு வேறு கைரேகை இருந்தால் என்ன செய்ய முடியும்?

உள்ளே நுழைந்ததும் ஆடியோலாவா, குயிக்ஆடியோ என்று இசைக் கருவி போலப் பெயர் வைத்துக்கொண்டு புரோகிராம் ஃபைல்ஸில் போய் உட்கார்ந்தது. ஆகவே மென்பொருள் பட்டியலில் பார்த்தவர்களுக்குச் சந்தேகம் வரவில்லை. அடுத்து குரோம், எட்ஜ், ஃபயர்ஃபாக்ஸ், யாண்டெக்ஸ் எது இருந்தாலும் அதில் கைவைத்தது. பிரவுசரோடு இயல்பாகவே வரும் எக்ஸ்டென்ஷன் ஒன்றின் கோப்புறையில் தன் ஸ்கிரிப்டைப் போட்டது. எக்ஸ்டென்ஷன் பட்டியலில் புதிய பெயர் எதுவும் தெரியாது. பழைய நல்ல பெயருக்குள் புதிய ஆள்.

இதன் சாமர்த்தியம் அடுத்த படியில் இருக்கிறது. தேடுபொறி, முகப்பு போன்ற முக்கிய அமைப்புகளை வெளியாள் மாற்றினால் கண்டுபிடிக்க, அவற்றின் மீது ஒரு முத்திரையைக் குரோம் வைத்திருக்கிறது. முத்திரை பொருந்தாவிட்டால் பழைய நிலைக்குத் திருப்பிவிடும். எட்ஜும் அதே வம்சம் என்பதால் அதே ஏற்பாடுதான். அட்ரோசெக் முத்திரையை உடைக்க முயலவில்லை. முத்திரையைச் சரிபார்க்கும் நிரல்பகுதி இருக்கும் டிஎல்எல் கோப்பையே திருத்தி, சோதனை நடக்காமல் செய்துவிட்டது. காவல்காரரைக் கண்கட்டி உட்காரவைத்த மாதிரி. பிரவுசரின் தானியங்கி அப்டேட்டையும் நிறுத்தியது, ஏனென்றால் புது அப்டேட் வந்தால் திருத்திய டிஎல்எல் போய்விடும். ஆபத்தான தளங்களை எச்சரிக்கும் வசதியையும் அணைத்தது. விண்டோஸ் சேவைகளின் பட்டியலில் ‘மெயின் சர்வீஸ்’ என்ற பெயரில் தன்னை நுழைத்துக்கொண்டது. இத்தனையும் செய்து திரையில் காட்டியது என்ன? தேடல் முடிவுகளின் மேலே சில கூடுதல் விளம்பரங்கள், அவ்வளவுதான்.

ஃபயர்ஃபாக்ஸ் வைத்திருந்தவர்களுக்கு இன்னொன்றும் நடந்தது. அதில் சேமித்திருந்த பயனர் பெயர்களையும் கடவுச்சொற்களையும் மறைகுறியீடு நீக்கி எடுத்துத் தன் எஜமானருக்கு அனுப்பியது. ‘சும்மா விளம்பரம்தானே’ என்பவர்களிடம் நான் எப்போதும் சொல்லும் உதாரணம் இது.

அதற்குப் பின் வந்தவை நுழையும் விதத்தில்தான் மாறின. 2022-ன் தொடக்கத்தில் வந்த குரோம்லோடர், திருட்டு விளையாட்டுகளும் படங்களும் என்ற பெயரில் ஐஎஸ்ஓ கோப்பாக வந்தது. அதைச் சொடுக்கினால் விண்டோஸ் ஒரு சிடியைப் போலத் திறந்துவிடும். அது நிறுவிய எக்ஸ்டென்ஷனை நீக்கலாம் என்று எக்ஸ்டென்ஷன் பக்கத்தைத் திறந்தால், வேறு அமைப்புப் பக்கத்துக்குத் தள்ளிவிட்டது. 2024 ஆகஸ்ட்டில் ரீசன்லேப்ஸ் விவரித்த இன்னொன்று குறைந்தது மூன்று லட்சம் பேரைத் தொட்டிருந்தது. விஎல்சி, கீபாஸ், ஸ்டீம் போன்ற நம்பகமான மென்பொருள்களின் பெயரில் போலித் தளங்கள் அமைத்து, விளம்பரம் கொடுத்து ஆளைப் பிடித்தார்கள். உள்ளே வந்ததும் அது வைத்தவை: டாஸ்க் ஷெட்யூலரில் ஒரு பணி, அது ஓட்டும் பவர்ஷெல், எக்ஸ்டென்ஷனை நீக்கவிடாமல் ரெஜிஸ்ட்ரியில் ஒரு நிறுவனக் கொள்கை. கடைக்கார அண்ணனின் கணினியில் நான் பார்த்த அமைப்பும் ஏறக்குறைய இதுதான்.

அவருடைய கணினிக்கு அது எப்படி வந்தது? விண்ணப்பத் தளம் ஒன்று புகைப்படத்தை 50 கேபிக்குள்ளும் சான்றிதழ்ப் பிடிஎஃப்பை 200 கேபிக்குள்ளும் கேட்டிருக்கிறது. வரிசையில் ஆள் நிற்கிறார்கள். சுருக்கித் தரும் மென்பொருளைத் தேடி, மேலே வந்த முதல் இணைப்பைச் சொடுக்கி நிறுவியிருக்கிறார். அது விளம்பர இணைப்பு. மென்பொருள் பிடிஎஃப்பைச் சுருக்கவும் செய்தது, அதனால் அவருக்கு ஐயமே எழவில்லை. அவசரமும் இலவசமும் சேரும் இடத்தில்தான் ட்ரோஜன் காத்திருக்கிறது. திருட்டு ஆபீஸுக்கான ‘கிராக்’, புதுப் படம் பார்க்கும் தளத்தில் ‘பிளேயரை அப்டேட் செய்யுங்கள்’ என்ற பொத்தான், ‘நெக்ஸ்ட், நெக்ஸ்ட்’ என்று தட்டிப்போகும் நிறுவல் திரையில் ஏற்கெனவே டிக் போட்டிருக்கும் பெட்டி, எல்லாமே இந்த ரகம். சமீப காலமாக இன்னொன்றும் நடக்கிறது. நீங்கள் மனிதரா என்று சோதிப்பது போல ஒரு பெட்டி வரும். விண்டோஸ் விசையோடு ‘ஆர்’ எழுத்தை அழுத்து, கன்ட்ரோலோடு ‘வி’ எழுத்தை அழுத்து, என்டர் தட்டு என்று சொல்லும். சொன்னபடி செய்தால், அது நம் கிளிப்போர்டில் ரகசியமாக வைத்திருந்த கட்டளையை நம் கையாலேயே ஓட்டிவிடுவோம். எந்த உண்மையான தளமும் அப்படிக் கேட்பதில்லை.

நல்ல எக்ஸ்டென்ஷன் கெட்டுப்போவதும் உண்டு. இருபது லட்சத்துக்கும் மேற்பட்டோர் பயன்படுத்திய தி கிரேட் சஸ்பெண்டர் 2020-ல் வேறு கைக்கு மாறியது. தீநிரல் இருக்கிறது என்று சொல்லி 2021 பிப்ரவரியில் கூகுள் அதை நீக்கியது. நிறுவியவர்கள் எந்தத் தவறும் செய்யவில்லை.

நீக்கும் வரிசை

முதலில் நோய் எது என்று பிரித்தறிய வேண்டும். திரையின் மூலையில் ‘உங்கள் கணினியில் 5 வைரஸ்’ என்று அறிவிப்புகள் மட்டும் வந்தால் அது பெரும்பாலும் ட்ரோஜன் இல்லை. ஏதோ ஒரு தளத்துக்கு ‘அலோ’ கொடுத்திருப்போம். பிரவுசர் அமைப்பில் நோட்டிஃபிகேஷன் அனுமதியை எடுத்துவிட்டால் முடிந்தது. வீட்டிலுள்ள கைபேசி உட்பட எல்லாக் கருவிகளிலும் ஒரே திசைதிருப்பல் நடந்தால் ரவுட்டரின் டிஎன்எஸ்ஸைப் பாருங்கள், அதன் கடவுச்சொல்லையும் மாற்றுங்கள். ஒரு கணினியில் எல்லாப் பிரவுசர்களும் ஒரே மாதிரி நடந்தால் குழாய் விண்டோஸுக்குள் இருக்கிறது.

அதை நீக்கும் வரை அந்தக் கணினியில் வங்கி, மின்னஞ்சல் எதிலும் நுழையாதீர்கள். ஆவணங்களையும் படங்களையும் வேறு டிஸ்க்கில் நகலெடுங்கள். நிறுவல் கோப்புகளை நகலெடுக்க வேண்டாம், நோயும் கூடவே வரும். அடுத்து பலரும் மறப்பது பிரவுசரின் சின்க். கூகுள் அல்லது மைக்ரோசாஃப்ட் கணக்கோடு இணைந்திருந்தால், நீங்கள் நீக்கிய எக்ஸ்டென்ஷனையும் மாறிய அமைப்பையும் அந்தக் கணக்கு பத்திரமாக வைத்திருந்து திருப்பித் தரும். ஆகவே முதலில் சின்க்கை நிறுத்துங்கள்.

பிறகு நிறுவிய மென்பொருள்களின் பட்டியலைத் தேதி வாரியாக அடுக்கிப் பாருங்கள். தொல்லை தொடங்கிய நாளையொட்டி வந்தவை எவை என்று கண்ணில் படும். அறியாதவற்றை நீக்குங்கள். எக்ஸ்டென்ஷன்களிலும் அப்படியே. அங்கே நீக்கும் பொத்தான் இயங்காமல், ‘உங்கள் நிறுவனத்தால் நிர்வகிக்கப்படுகிறது’ என்ற வரி வீட்டுக் கணினியில் தெரிந்தால் நிறுத்தி யோசிக்க வேண்டும். அலுவலகம் தன் ஊழியர்களின் பிரவுசரைக் கட்டுப்படுத்த உள்ள வசதியைத் திருடன் கையில் எடுத்திருக்கலாம். சில ஆன்டிவைரஸ்களும் கொள்கை வைப்பதுண்டு, அதனால் சரிபார்த்துக்கொள்ளுங்கள். முகவரிப் பட்டையில் குரோம்://பாலிசி என்று ஆங்கில எழுத்தில் அடித்தால், என்ன கொள்கை திணிக்கப்பட்டிருக்கிறது, எந்த எக்ஸ்டென்ஷனின் அடையாள எழுத்துகள் அதில் இருக்கின்றன என்று தெரியும். அதைக் குறித்துக்கொண்டு, ரெஜிஸ்ட்ரி எடிட்டரில் பாலிசிஸ் பகுதியின் கீழ் கூகுள், மைக்ரோசாஃப்ட் எட்ஜ் பெயர்களில் இருக்கும் அந்தப் பதிவை அழிக்க வேண்டும். அழிக்கும் முன் ரெஜிஸ்ட்ரியை ஏற்றுமதி செய்து காப்பு எடுப்பது கட்டாயம். கை நடுங்கினால் தெரிந்தவரை அழையுங்கள்.

கொள்கையை அழித்தாலும் டாஸ்க் ஷெட்யூலரில் அதை மறுபடி எழுதும் பணி இருந்தால் பயனில்லை. ஆகவே ஷெட்யூலரைத் திறந்து, பவர்ஷெல்லையோ ஸ்கிரிப்டையோ ஓட்டும் பணிகளின் ‘ஆக்‌ஷன்ஸ்’ பகுதியை ஒவ்வொன்றாகப் பாருங்கள். அது சுட்டும் கோப்பின் இடத்தை எழுதிவைத்துக்கொண்டு, பணியையும் கோப்பையும் சேர்த்து நீக்குங்கள். மைக்ரோசாஃப்ட் இலவசமாகத் தரும் ஆட்டோரன்ஸ் கருவி, தானாக ஓடும் எல்லாவற்றையும் ஒரே திரையில் காட்டும். ஹைஜாக்திஸ் செய்த வேலையை இன்று இன்னும் விரிவாகச் செய்வது இதுதான். இன்னும் சில மூலைகள் உண்டு. டெஸ்க்டாப்பில் இருக்கும் பிரவுசர் ஐகானின் ப்ராப்பர்ட்டீஸில், இஎக்ஸ்இ என்று முடிய வேண்டிய வரிக்குப் பின்னால் ஏதாவது இணைய முகவரி ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். விண்டோஸ் அமைப்பில் ப்ராக்ஸி தானாக இயங்குகிறதா, டிஎன்எஸ் எண்கள் மாறியிருக்கின்றனவா, ஹோஸ்ட்ஸ் கோப்பில் அறியாத வரிகள் உள்ளனவா என்பதையும் பார்த்துவிடுங்கள்.

கையால் பார்த்தபின் கருவியால் சலிக்க வேண்டும். விண்டோஸோடு வரும் டிஃபெண்டரில் முழுச் சோதனை, அதன்பின் ‘ஆஃப்லைன்’ சோதனை. ஆஃப்லைன் சோதனையில் விண்டோஸ் முழுவதும் எழுவதற்கு முன்பே தேடல் நடக்கும். அப்போது ஒளிந்திருக்கும் நிரலுக்குத் தன்னை மறைக்கும் வாய்ப்புக் குறைவு. சுமார் கால் மணி நேரம் ஆகும். இரண்டாவது கருத்துக்கு மால்வேர்பைட்ஸும் அதே நிறுவனத்தின் ஆட்வ்கிளீனரும் நல்லவை, இந்த வகைக்கென்றே பெயர் பெற்றவை. அவற்றை அவற்றின் சொந்தத் தளத்திலிருந்து மட்டும் இறக்குங்கள். ‘இந்தக் கடத்தலை நீக்குவது எப்படி’ என்று தேடினால் வரும் பக்கங்களில் பல, தங்கள் கட்டண மென்பொருளை விற்கவே எழுதப்பட்டவை. சில புதிய ட்ரோஜனையே கையில் கொடுக்கும். இந்திய அரசின் செர்ட்-இன் 2017-ல் தொடங்கிய சைபர் ஸ்வச்தா கேந்திரா தளத்திலும் இலவச நீக்கும் கருவிகள் கிடைக்கின்றன.

கடைசியில்தான் பிரவுசர். அட்ரோசெக் போல டிஎல்எல்லையே திருத்தும் ரகத்தில் அமைப்பை ரீசெட் செய்வது போதாது. பிரவுசரையும் அதன் பயனர் தரவையும் சேர்த்து நீக்கிவிட்டுப் புதிதாக நிறுவ வேண்டும். அட்ரோசெக்குக்கு மைக்ரோசாஃப்ட் சொன்ன யோசனையும் பிரவுசரை மறுபடி நிறுவுவதே. நான் செய்த பிழை வரிசையில் இருந்தது. குழாயை அடைக்காமல் முதலிலேயே குரோமை மறுபடி நிறுவியதால் அது வீணானது. எல்லாம் முடிந்ததும் கணினியை இரண்டு முறை அணைத்து ஏற்றி, ஒரு நாள் பொறுத்துப் பார்த்த பிறகே சின்க்கைத் திரும்பத் தொடங்குங்கள்.

விண்டோஸையே மறுபடி நிறுவினால் என்ன என்று பலர் கேட்பார்கள். ஆஃப்லைன் சோதனையில் அலூரியன் போல விண்டோஸின் அடியில் ஒளியும் ரூட்கிட் சிக்கினாலோ, இரண்டு முறை ஒழுங்காக நீக்கியும் திரும்பி வந்தாலோ, அந்தக் கணினியில் பணம் புழங்கினாலோ தயங்காமல் அதைச் செய்யலாம். மற்றபடி மேலே சொன்ன வரிசை போதும். ஆனால் மறுபடி நிறுவினாலும் மாறாத ஒன்று இருக்கிறது. ஏற்கெனவே வெளியே போன கடவுச்சொல். அது நம் கணினியில் இல்லை, அவன் கையில் இருக்கிறது. எனவே சுத்தமான வேறொரு கருவியிலிருந்து முதலில் மின்னஞ்சல், பிறகு வங்கி, பிறகு மற்றவை என்று கடவுச்சொற்களை மாற்றுங்கள். ‘எல்லாக் கருவிகளிலிருந்தும் வெளியேறு’ என்ற வசதியையும் அழுத்துங்கள், இல்லாவிட்டால் திருடிய உள்நுழைவு உயிரோடு இருக்கும். இரட்டைச் சரிபார்ப்பை வைத்துக்கொள்ளுங்கள். பணம் போயிருந்தால் இந்தியாவில் 1930 என்ற எண்ணை உடனே அழைக்க வேண்டும். எவ்வளவு சீக்கிரம் அழைக்கிறோமோ, பணத்தை வழியிலேயே நிறுத்திவைக்கும் வாய்ப்பு அவ்வளவு அதிகம்.

கடைக்கார அண்ணன் இதைக் கேட்டதும் வேறொன்றைச் சொன்னார். "என் பாஸ்வேர்ட மாத்திடலாம் தம்பி. இங்க வந்து விண்ணப்பம் போட்ட பிள்ளைங்க பாஸ்வேர்ட் எல்லாம் இதுலதானே அடிச்சாங்க?" அவர் பிரவுசரில் ‘சேவ் செய்யவா’ என்று கேட்கும்போதெல்லாம் ‘ஆம்’ என்றே அழுத்தியிருந்தார். திறந்து பார்த்தால் நூற்றுக்கும் மேற்பட்ட மாணவர்களின் கணக்குகள். அன்றிரவு கடையை அடைத்துவிட்டு, நோட்டில் எழுதிவைத்திருந்த எண்களைப் பார்த்து ஒவ்வொருவருக்கும் போன் செய்து, கடவுச்சொல்லை மாற்றச் சொன்னார். நானும் பாதிப் பேருக்குப் பேசினேன்.

இதைப் படிக்கும் நீங்கள் பலர் வந்துபோகும் கணினி ஒன்றை வைத்திருந்தால், கடையோ பள்ளியோ அலுவலகமோ எதுவானாலும், அதன் பிரவுசரில் கடவுச்சொல் சேமிக்கும் வசதியை இன்றே அணைத்துவிடுங்கள். ஏற்கெனவே சேர்ந்திருப்பவற்றையும் அழித்துவிடுங்கள்.